கோடை வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரட்டையர் படத்தைப் போடலாமா?

கோயில்தெரு சயாமா | ரங்கூன் | ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழையைத் திறக்கிறேன்.

எங்கள் கோயில் மண்டபத்தில் இந்தக் கோடை விடுமுறையிலும் தமிழ் வகுப்பு நடக்கிறது. முப்பத்திரண்டு பிள்ளைகள். ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வரை. உயிர்மெய் எழுத்தும் ஆத்திசூடியும் போதும் போதும் என்று ஆகிவிட்டது அவர்களுக்கு. எனக்கும்தான். திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை ஒரு படம் போடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சயாமா, என்ன படம்?" என்கிறார்கள்.

நான் மனதில் வைத்திருப்பது 1998-இல் டிஸ்னி எடுத்த 'த பேரன்ட் ட்ராப்'. பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்துக் காட்டுக்குள் பெண் பிள்ளைகளுக்கான கோடை முகாம் ஒன்று. எட்டு வாரம் அங்கேயே தங்கல். கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு பெண், லண்டனிலிருந்து ஒரு பெண், இருவருக்கும் பதினொரு வயது. அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். முதல் நாளிலிருந்தே ஆகாது. சண்டை முற்றிப்போய் முகாம் தலைவி இருவரையும் தனிக் குடிலில் போட்டுப் பூட்டாத குறையாக வைத்துவிடுகிறாள். அங்கேதான் தெரிகிறது, இருவரும் இரட்டைப் பிறவிகள் என்று. பெற்றோர் பிரிந்தபோது ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்புறம் இடம் மாறி, ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் போய், அம்மாவையும் அப்பாவையும் மறுபடி சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள்.

சிரிப்பு நிறைய உண்டு, அடிதடி இல்லை, பிள்ளைகளுக்கு ஏற்ற படம். என் தயக்கம் வேறு. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ இங்கே இல்லை. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று வேலைக்குப் போயிருக்கிறார்கள். சிலர் பிள்ளையின் முகத்தை நேரில் பார்த்தே நான்கைந்து வருஷம் ஆகிறது. இந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, பெற்றோர் ஆளுக்கொரு நாட்டில் இருக்கும் கதையைக் காட்டிச் சிரி என்றால் நியாயமா?

சைக்கா சவாரி | மோல்மேன் | ஞாயிறு இரவு 9.32

போடுங்கள் அக்கா. பிள்ளைகள் நாம் நினைக்கிற இடத்தில் அழ மாட்டார்கள். ஆனால் ஒன்று, அந்தப் படத்தில் வரும் வேலைகளை எல்லாம் அடுத்த வாரமே உங்கள் மண்டபத்தில் செய்து பார்ப்பார்கள். ஒருத்தி கட்டில்களை எல்லாம் கூரைமேல் ஏற்றிவிடுவாள். இன்னொருத்தி பதிலுக்கு அறை முழுக்கக் கயிறு கட்டி, தேன், எண்ணெய், இறகு, தண்ணீர் பலூன் என்று வைப்பாள். கடைசியில் தலைவியம்மாள் அதில் வந்து மாட்டுவாள். உங்கள் மண்டபத்தில் கட்டில் இல்லை, சரி. நல்லெண்ணெய் இருக்கிறதே, விளக்குக்கு? ஜாக்கிரதை.

தட்டோன் தங்கச்சி | திங்கள் காலை 6.48

எனக்கு ஒரு சந்தேகம். எட்டு வாரம், அம்மா அப்பா முகம் பார்க்காமல், பதினொரு வயதுப் பெண்ணைக் காட்டில் கொண்டுபோய் விடுவார்களா? நான் என் மகளை மாமியார் வீட்டில் இரண்டு நாள் விட்டால் மூன்று தடவை போன் பண்ணுகிறேன். சினிமாவுக்காக இப்படியா, நிஜமாகவே வழக்கமா?

இன்வர்ட்டர் | ரங்கூன் | திங்கள் காலை 7.15

நிஜம்தான் அக்கா. அங்கே பள்ளி விடுமுறை ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் 1861-இல் தன் மாணவர்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையோரம் கூடாரம் போட்டதுதான் முதல் முகாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிறகு அது பெரிய வழக்கமாக வளர்ந்துவிட்டது. ஏரி, படகு, மரக்குடில், காலையில் எக்காளம், ஒரே கூடத்தில் சாப்பாடு. அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் பலருக்கு முதல் சிநேகமும் முதல் சண்டையும் முகாமில் நடந்ததாகத்தான் இருக்கும்.

'பேரன்ட் ட்ராப்' முதலில் வந்தது 1961. டிஸ்னிதான் எடுத்தது. ஹெய்லி மில்ஸ் என்ற பெண் இரண்டு வேஷமும் போட்டாள். முதல் முகாமுக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து! இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள், கணக்கு வந்ததால் சொன்னேன்.

சைக்கா சவாரி | திங்கள் காலை 7.40

நமக்கு மட்டும் கோடை முகாம் இல்லையா என்ன? பொங்கி மடம், அதான் புத்த பிக்குகள் மடம், இருக்கிறதே.

எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டு பர்மியப் பையனுக்கு ஷின்பியூ வைத்தார்கள், சிறு பையன்களைக் கொஞ்ச நாள் துறவியாக்கும் சடங்கு. அவனும் நானும் நகமும் சதையும். நானும் போவேன் என்று அடம். "புத்தரும் நம்ம சாமிதானே" என்று அம்மா விட்டுவிட்டாள். தலையை மழித்து, காவி கட்டி, ஒரு வாரம் மடத்தில். அந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஞானம், பன்னிரண்டு மணிக்கு மேல் சோறு கிடையாது என்பதுதான். மூன்று மணிக்கு வயிறு போடும் சத்தத்தில் பக்கத்துப் பாயில் இருப்பவன் எழுந்துவிடுவான்.

மூன்றாம் நாள் காலை எங்கள் தெருவுக்கே பிச்சைக்குப் போனோம். அம்மா வாசலில் சோற்றுப் பானையோடு நிற்கிறாள். கையில் தனியாக ஒரு அவித்த முட்டை. எனக்காகத்தான் என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வரிசையில் போகும்போது கண்ணைத் தாழ்த்தி வாயைத் திறக்காமல் போகவேண்டும். மழித்த தலையும் காவியும் சேர்ந்தால் ஒன்பது வயதுப் பையன்கள் எல்லாரும் இரட்டைப் பிறவிகள்தான் போலிருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரன் பாத்திரத்தில் முட்டையை வைத்து, "நல்லா சாப்பிடு கண்ணு" என்று காதருகில் சொல்லி அனுப்பினாள் என் அம்மா. எனக்கு வெறும் சோறு. மடத்துக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பங்கு வைத்தார்கள். முட்டை ஒரு பெரிய பொங்கியின் தட்டுக்குப் போயிற்று.

அம்மா இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "நான் பெத்த பிள்ளை எனக்குத் தெரியாதா?" என்பாள். தெரியவில்லையே!

அதனால் அந்தப் படத்தில் அப்பா தன் பெண் மாறி வந்திருப்பதை நாள் கணக்கில் கண்டுபிடிக்காமல் இருப்பதை யாராவது நம்ப முடியாது என்றால், நான் நம்புகிறேன். வீட்டு நாய்க்குத்தான் முதலில் தெரிகிறது. அதையும் நம்புகிறேன்.

தட்டோன் தங்கச்சி | திங்கள் காலை 8.05

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பாவம் உங்கள் அம்மா.

வியாசர்பாடிப் பேத்தி | சென்னை | திங்கள் மதியம் 1.20

வணக்கம். நான் சென்னையில் இருக்கிறேன், அம்மாயி ரங்கூனில் பிறந்தவர். அதனால் இங்கே அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன்.

இந்தக் கதை தமிழிலேயே இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே! 1965-இல் ஏவிஎம் எடுத்த 'குழந்தையும் தெய்வமும்'. ஜெய்சங்கர், ஜமுனா, இரட்டை வேஷத்தில் குட்டி பத்மினி. இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு, இசை எம்.எஸ்.விஸ்வநாதன். டிஸ்னி படத்தைப் பார்த்துத்தான் கதையை எடுத்தார்கள். ஆனால் அங்கே பெற்றோர் தாங்களாகச் சண்டை போட்டுப் பிரிவார்கள். நம் ஆட்கள் அதை ஒத்துக்கொள்வார்களா? மனைவியின் அம்மாவைப் பணத்திமிர் பிடித்தவளாக்கி, பிரிவுக்கான பழியை எல்லாம் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். குடும்பத்தில் எது நடந்தாலும் மாமியாரைக் கூப்பிடுவது நமக்கு வசதி.

தமிழ் வகுப்புக்குத் தமிழ்ப் படமே போடலாமே சயாமா? எம்.எஸ்.ராஜேஸ்வரி பாடிய கோழி, சேவல் பாட்டு ஒன்று போதும், பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

கோயில்தெரு சயாமா | திங்கள் மாலை 5.55

யோசித்தேன் தங்கச்சி. போன வருஷம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டேன். பத்தாவது நிமிஷத்தில் பாதிப் பேர் தூணைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடினார்கள். வசனம் அவர்களுக்கு எட்டவில்லை. வீட்டில் பர்மியம்தான் ஓடுகிறது, தமிழ் என்றால் அவர்களுக்கு ஆயாவிடம் பேசும் மொழி. அந்தப் பாட்டை மட்டும் தனியாகச் சொல்லித்தருகிறேன், நல்ல யோசனை.

இன்வர்ட்டர் | திங்கள் மாலை 6.30

ஒரே ஆளை இரண்டாகக் காட்டுவதைப் பற்றிக் கொஞ்சம், எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தக் காலத்தில் கேமராவின் முன் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னால் சுற்றி, மறைப்பை மாற்றி, மறு பக்கம் எடுப்பார்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அதைத் தாண்டி ஒருத்தி கை நீட்டினால் கை காணாமல் போய்விடும். கேமராவும் ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும். பழைய இரட்டை வேஷப் படங்களில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சமர்த்தாக நிற்பது இதனால்தான். கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் ஒருத்தியின் முதுகு மட்டும் தெரியும், அது வேறு பெண்.

1998 படத்துக்குக் கணினி வந்துவிட்டது. கேமரா எப்படி நகர்ந்தது என்பதைப் பதிந்து வைத்து, இரண்டாம் தடவையும் இம்மி பிசகாமல் அதே மாதிரி நகரவைத்தார்கள். அதனால்தான் லின்ட்ஸி லோஹன் இரண்டு பேராக நடந்துகொண்டே பேச முடிந்தது. அவளுக்கு அதுதான் முதல் படம், நான்சி மேயர்ஸ் இயக்கியதும் அதுதான் முதல். பதினொரு வயதுப் பெண், இல்லாத தங்கையைப் பார்த்து அமெரிக்க உச்சரிப்பில் ஒரு தடவை, இங்கிலாந்து உச்சரிப்பில் ஒரு தடவை பேசவேண்டும். அதற்குமேல், அமெரிக்கப் பெண்ணாக நடிக்கும் இங்கிலாந்துப் பெண், இங்கிலாந்துப் பெண்ணாக நடிக்கும் அமெரிக்கப் பெண். யோசித்தாலே தலை சுற்றுகிறது.

இன்னொன்று. 1961 படத்தில் அப்பாவைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும் இளம்பெண்ணாக நடித்த ஜோன்னா பார்ன்ஸ், 1998 படத்தில் அதே மாதிரிப் பெண்ணுக்கு அம்மாவாக வருகிறார். பெயரும் விக்கி என்றே வைத்திருக்கிறார்கள்.

மட்டறுத்துநர் | திங்கள் இரவு 8.00

நடுவில் வந்த ஒரு விளம்பரப் பதிவை நீக்கியிருக்கிறேன். நாப்பி (மீன் விழுது) விற்பனைக்குத் தனி இழை இருக்கிறது.

தட்டோன் தங்கச்சி | திங்கள் இரவு 9.25

அந்த இளம்பெண் பேச்சை எடுத்ததால் கேட்கிறேன். நேற்று ராத்திரி முழுப் படமும் பார்த்துவிட்டேன். அப்பாவைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும் மெரிடித் என்ன தப்பு செய்தாள்? இருபத்தாறு வயது, பணக்காரன் ஒருவன் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றான், சரி என்றாள். பணத்துக்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மலையேறக் கூட்டிக்கொண்டு போய், பையில் கல்லைப் போட்டு, பல்லியைத் தலையில் விட்டு, தூங்கும்போது மெத்தையோடு ஏரியில் தள்ளிவிடுவதா? நம் பிள்ளைகள் வரப்போகும் சித்தியை இப்படிச் செய்தால் சிரிப்போமா?

அப்பனும் ஆத்தாளும் மட்டும் யோக்கியமா? பெற்ற பிள்ளையில் ஒன்றை மறந்துவிட்டுப் பதினொரு வருஷம் திராட்சைத் தோட்டம் போடுகிறான் ஒருவன், கல்யாண உடுப்புத் தைக்கிறாள் ஒருத்தி! அவர்களை யார் ஏரியில் தள்ளுவது?

சைக்கா சவாரி | திங்கள் இரவு 9.31

அக்கா நீங்கள் தனிக்கட்சி ஆரம்பியுங்கள். நான் சேர்கிறேன்.

வியாசர்பாடிப் பேத்தி | திங்கள் இரவு 10.02

தங்கச்சி சொல்வது சரி. மூலக்கதையில் இது இவ்வளவு பூப்போல இல்லை. ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949-இல் வெளியிட்ட சிறுவர் நாவல்தான் எல்லாவற்றுக்கும் மூலம். ஒருத்தி வியன்னா, ஒருத்தி மியூனிக். ஏரிக்கரையில் பிள்ளைகள் விடுமுறைக்குத் தங்கும் இல்லம் ஒன்றில் சந்திக்கிறார்கள். அங்கே அம்மாவிடம் பெரிய மாளிகையும் கிடையாது, வேலைக்காரரும் கிடையாது. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் அம்மா, ஒன்பது வயதிலேயே சமையலும் வீட்டுக் கணக்கும் பார்க்கும் பெண். போர் முடிந்து நாலே வருஷம், வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் இல்லாத காலம். நாஜிகள் 1933-இல் கெஸ்ட்னரின் புத்தகங்களை எரித்தபோது அவரே கூட்டத்தில் நின்று பார்த்தாராம். அப்படிப்பட்டவர் எழுதிய கதை, கொஞ்சம் காரம் இருக்கத்தான் செய்யும்.

பெகு பெரியவர் | செவ்வாய் அதிகாலை 4.50

சயாமா அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். தட்டெழுத மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் போனில் இந்தப் படத்தைப் போட்டுத் தந்தான். தனிக் குடிலில் மழை பெய்யும்போது இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பாதிப் படத்தை எடுத்து வைத்து ஒட்டிப் பார்க்கிறார்கள் அல்லவா, அந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். கண் வலிக்கிறது என்று பேரனிடம் சொன்னேன்.

1964-இல் எனக்குப் பதினொரு வயது. அந்தப் பெண்களின் வயதுதான். கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. கப்பல் கப்பலாகச் சனம் மெட்ராஸுக்குப் போனது. ஆயா வரமாட்டேன் என்றது. "நான் பிறந்த ஊர் இது, எங்கே வரச் சொல்றே?" என்று தூணைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் அப்பாவும் அம்மாவும் ஏழு வயதுத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு முதலில் போவது, நான் ஆயாவோடு இருந்து அதைச் சமாதானப்படுத்தி அடுத்த கப்பலில் வருவது என்று முடிவாயிற்று. பதினொரு வயதுப் பையனை நம்பி அந்த வேலையை விட்டார்கள். ஆயா சமாதானமாகவில்லை. எனக்கு அடுத்த கப்பல் வரவில்லை.

எங்களிடம் கிழிந்த படம் கிடையாது. போவதற்கு முன்னால் ஸ்டூடியோவுக்குப் போய் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து, இரண்டு பிரதி போட்டோம். முழுப் படம் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அதனால் ஒட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை.

தங்கச்சி கடிதம் எழுதும். எழுத்துக் கூட்டி எழுதும். மெட்ராஸில் ஒரு படம் பார்த்தேன், கோழி ஒரு கூட்டில் சேவல் ஒரு கூட்டில் என்று ஒரு பாட்டு, அண்ணே உன்னை நினைத்துக்கொண்டேன் என்று ஒரு தடவை எழுதியிருந்தது. எந்தப் படம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. நேற்று இந்த இழையில் வியாசர்பாடிப் பேத்தி எழுதியதைப் படித்ததும்தான் தெரிந்தது. நன்றி அம்மா.

வியாசர்பாடிப் பேத்தி | செவ்வாய் காலை 7.10

ஐயா, காலையில் இதைப் படித்துவிட்டு அம்மாயியிடமும் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய் டீ போட்டார்.

ஒன்று சொல்லட்டுமா? அந்தப் படத்தை எடுத்த கிருஷ்ணன்–பஞ்சு இருவரும்தான் 1952-இல் 'பராசக்தி'யையும் எடுத்தார்கள். அதுவும் ரங்கூனில் இருக்கும் அண்ணன்மாரும் தமிழ்நாட்டில் இருக்கும் தங்கையும் போரில் பிரிந்துபோகும் கதைதானே. எங்கள் தெருவில் பழைய ஆட்கள் அதைப் படம் என்றே சொல்ல மாட்டார்கள், "நம்ம கதை" என்பார்கள்.

தங்கச்சியை அப்புறம் பார்த்தீர்களா ஐயா?

பெகு பெரியவர் | செவ்வாய் காலை 11.35

பார்த்தேன் அம்மா. 2012-இல். நாற்பத்தெட்டு வருஷம். மீனம்பாக்கத்தில் இறங்கினேன். எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு நரைத்த அம்மாள் நேராக வந்து கையைப் பிடித்து, "அப்பா நடக்கிற மாதிரியே நடக்கிறே" என்றது.

பர்மியம் சுத்தமாக மறந்துவிட்டேன் என்றது. நான் பேசிப் பார்த்தேன், விழித்தது. வீட்டு வாசலில் ஏறும்போது படியில் கால் இடித்துக்கொண்டு "அமலே!" என்று கத்தியது. மெட்ராஸ்காரர்கள் "அம்மா" என்றல்லவா கத்துவார்கள்? இருவரும் வாசலிலேயே நின்று சிரித்தோம். உள்ளே இருந்தவர்களுக்கு என்னவென்று விளங்கவில்லை.

சயாமா, படத்தைப் போடுங்கள். நானும் வருகிறேன். மீதியை அங்கேயே பார்த்துக்கொள்கிறேன். யாரும் முடிவைச் சொல்லவேண்டாம்.

கோயில்தெரு சயாமா | செவ்வாய் இரவு 8.45

ஐயா, பதில் எழுதத் தெரியவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டுவைக்கிறேன்.

படம் 128 நிமிஷம். எங்கள் பகுதிக்கு மதியம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது முனீஸ்வரருக்கே வெளிச்சம். தம்பி இன்வர்ட்டர், உங்கள் பெயருக்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

இன்வர்ட்டர் | செவ்வாய் இரவு 9.00

பேட்டரி கொண்டுவருகிறேன் அக்கா. புரொஜெக்டரோடு ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். மீதிக்குக் கரண்ட் வரவேண்டும். மின்விசிறி கிடையாது, இப்போதே சொல்லிவிடுங்கள். மொழிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

கோயில்தெரு சயாமா | செவ்வாய் இரவு 9.12

மைக்கைப் பிடித்து நானே தமிழில் கதை சொல்லப் போகிறேன். புரியாத முகம் தெரிந்தால் பர்மியத்துக்குத் தாவுவேன். வகுப்பும் நடந்த மாதிரி ஆயிற்று.

கோயில்தெரு சயாமா | சனி இரவு 10.20

நடந்ததைச் சொல்கிறேன். தொண்டை கட்டிவிட்டது, எழுதத்தான் முடியும்.

முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நாற்பத்தேழு பேர் வந்தார்கள். தம்பி தங்கைகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எல்லார் கன்னத்திலும் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, எல்லார் கையிலும் சுண்டல். பெகு ஐயா ரயிலில் வந்து மூன்று மணிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

முகாம் காட்சிகளுக்குச் சிரித்த சிரிப்பில் புறா எல்லாம் பறந்துவிட்டது. சீட்டாட்டத்தில் தோற்ற பெண் ஏரியில் குதிப்பதை நான் "நீச்சல் போட்டி" என்று மொழிபெயர்த்தேன், யாரும் மறுக்கவில்லை. வேர்க்கடலை வெண்ணெயில் ஓரியோவைத் தொட்டுச் சாப்பிடும் இடத்தில் மட்டும் "சயாமா, அது நல்லா இருக்குமா?" என்று படத்தையே நிறுத்தச் சொன்னார்கள். ஊசியால் காது குத்தும் இடத்தில் நம் பெண்கள் அசரவில்லை. "பதினொரு வயசுலதான் குத்துறாங்களா?" என்று அதிசயப்பட்டார்கள். தாத்தாவின் சட்டையை முகர்ந்து பார்த்து, இந்த வாசனையை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் பெண்ணைப் பார்த்து ஒரு வாண்டு பக்கத்தில் இருந்த தன் ஆயாவை முகர்ந்துவிட்டு, "வெத்தலை" என்றது.

நான் பயந்த இடம் வந்தது. பெற்றோர் ஆளுக்கொரு பிள்ளையைப் பிரித்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். மைக் நடுங்கியது. யாரும் அழவில்லை. அப்பா மலேசியாவில் இருக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"பதினொரு வருஷமா போனே பண்ணலையா?"

"இல்லைடா."

"ஒரு தடவைகூட? ஏன், அவங்க வீட்ல போன் இல்லையா? பெரிய வீடா இருக்கே?"

இன்னொருத்தி, "எங்க அம்மா தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடும், சாப்பிட்டியான்னு கேக்கும்" என்றாள். அவ்வளவுதான், நாலா பக்கமும் ஆரம்பித்துவிட்டது. எங்கப்பா ஒன்பது மணிக்கு. எங்கப்பா ஞாயிற்றுக்கிழமை, அப்போது மட்டும்தான் லீவு. எங்கம்மா சோறு ஆக்கும்போது போனை அரிசி டப்பா மேலே சாய்த்து வைக்கும். கடைசியில் அந்த வெள்ளைக்காரப் பெண்கள்மேல் எங்கள் பிள்ளைகள் பரிதாபப்பட்டார்கள். நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

தட்டோன் தங்கச்சிக்கு ஒரு செய்தி: மெரிடித்தை மெத்தையோடு ஏரியில் தள்ளும்போது பயங்கரக் கைதட்டல். உங்கள் கட்சிக்கு இங்கே கிளை கிடையாது.

அப்புறம்தான் வினை. எல்லாம் பேசி முடியாமல் போய், அம்மாவும் ஒரு பெண்ணும் லண்டனுக்குக் கிளம்புகிறார்கள். கார் கதவு மூடுகிறது. பேட்டரி போய்விட்டது. கரண்டும் இல்லை.

இன்வர்ட்டர் | சனி இரவு 10.31

அக்கா, பிள்ளைகள் பேச்சுக்கு நீங்கள் இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தீர்கள். ஓரியோவுக்கு ஐந்து நிமிஷம். பேட்டரிமேல் பழி போடாதீர்கள்.

சைக்கா சவாரி | சனி இரவு 10.40

பிரியும் இடத்திலேயேவா நின்றது! பிள்ளைகள் சும்மாவா விட்டார்கள்?

கோயில்தெரு சயாமா | சனி இரவு 10.58

இருட்டில் ஒரே கூச்சல். மெழுகுவத்தி ஏற்றி, "சரி, முடிவை நீங்களே சொல்லுங்கள், தமிழில்தான் சொல்லவேண்டும்" என்றேன். ஒருத்தி, அப்பா நாயைக் கூட்டிக்கொண்டு கப்பலில் லண்டன் போகிறார் என்றாள். ஒருவன், விமானம் ரிப்பேராகி அம்மா திரும்பி வருகிறாள் என்றான். இன்னொருவனுக்கு விசா கவலை, "ஏஜென்ட்டுக்கு யார் காசு கட்டுவாங்க?" என்றான். மூன்று மாதமாக வாயே திறக்காத ஒரு பெண், பெரியவர்கள் சேராவிட்டால் பரவாயில்லை, அக்காவும் தங்கையும் ஒரு வீட்டில் இருந்தால் போதும் என்று முழுசாக நான்கு வாக்கியம் பேசினாள். வேற்றுமை உருபு ஒன்றுகூடத் தப்பவில்லை.

மீதி பத்துப் பதினைந்து நிமிஷத்தைத் திங்யான் முடிந்து வரும் சனிக்கிழமை போடுகிறேன். இரண்டாவது பேட்டரி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பெகு ஐயாவுக்குத்தான் சிரமம், மறுபடி ரயில் ஏறவேண்டும்.

பெகு பெரியவர் | ஞாயிறு காலை 5.15

சிரமம் ஒன்றும் இல்லை அம்மா, வருவேன். சுண்டலில் மட்டும் தேங்காய் இன்னும் கொஞ்சம் போடலாம்.

நேற்று ராத்திரி தங்கச்சியைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அது இந்தப் படத்தை எப்போதோ டிவியில் பார்த்துவிட்டதாம். "அண்ணே, கடைசியில என்ன ஆகுதுன்னா" என்று ஆரம்பித்தது. போனை வைத்துவிட்டேன்.